பறைக்குழு பிழைக்க வழி என்ன?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

சென்ற ஐப்பசியில் எங்கள் தெருப் பறைக்குழு ஒரு கோயில் ஊர்வலத்திற்கு வாசிக்கப் போயிருந்தது. குழுவுக்கு ஆசான் என் பெரியப்பா. எட்டுப் பேர், எட்டுப் பறை. சாமி புறப்படும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோல் நனைந்து தளர்ந்தது. கணீரென்று ஒலிக்க வேண்டிய பறை ‘பொத் பொத்’ என்றது. நெருப்பு மூட்டிக் காய்ச்சலாம் என்றால் நனையாத இடம் எங்கும் இல்லை. விழா நடத்தியவர்கள் பேசிய கூலியில் பாதியை மட்டும் கொடுத்தார்கள். “அடுத்த வருஷம் செண்டை மேளம் சொல்லிக்கிறோம். நீங்க சாவுக்கு வந்தாப் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு பெரியப்பா பறையைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏண்டா தம்பி, காலேஜ்ல படிக்கிறியே, மழையில தோலு ஏன் தொங்குதுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?”

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடிப் போன பிறகுதான் தோல் தளர்வது ஒரு கேள்வி, குழு தளர்வது வேறொரு கேள்வி என்பது விளங்கிற்று. முதற்கேள்விக்குப் பாடநூலில் விடை இருந்தது. இரண்டாவதற்கு ஊரில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

பறையின் பழமை

‘பறை’ என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்லுதல்தான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. பின்வந்த இலக்கண நூலார் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நம்மைப் போன்ற கடற்கரை மக்களுக்கு மீன்கோட்பறை எனப் பெயர் வகுத்தனர். புறநானூற்றுப் பாடல் ஒன்று பறை இசைப்போரைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாகப் போற்றுகிறது. பறை தாழ்ந்தோர் கருவி என்ற எண்ணம் பிற்காலத்தில் ஏற்றப்பட்டதே அன்றித் தொடக்கத்திலேயே இருந்ததன்று என்பதற்கு இவை சான்றாகும்.

நம் புதுவையிலும் தோற்கருவிக்கு அரசுப் பணி இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் படிப்போர், பிரெஞ்சுக் கும்பினியின் கட்டளைகள் தமுக்கடித்து மக்களுக்கு அறிவிக்கப்பட்டதைக் காணலாம். பின்னர்ச் செய்தித்தாள் வந்தது; வானொலி வந்தது; ஒலிபெருக்கி வந்தது. அறிவிக்கும் வேலை கொஞ்சங் கொஞ்சமாகக் கைநழுவிற்று. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் தண்டோரா போடும் வழக்கத்தையே நிறுத்துமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் ஒரு மனிதனைத் தெருத்தெருவாகத் தமுக்கடிக்க வைக்க வேண்டியதில்லை என்பது நியாயமே. ஆனால் ஒவ்வொரு வேலையாகப் போன பின் பறைக்கு எஞ்சியவை இரண்டே: கோயில் விழாவும் சாவும். இப்போது கோயில் விழாவும் கைவிட்டுப் போகிறது.

பறையின் அமைப்பு

பறை பார்க்க எளிய கருவி. வேப்பமரத் துண்டுகள் மூன்றை வட்டமாக இணைத்து, இணைப்புகளில் இரும்புத் தகடு அடித்துச் சட்டம் செய்வார்கள். விட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும். சட்டத்தின் ஒரு பக்கத்தில் பதப்படுத்திய மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மூங்கிலால் ஆன மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. தோளில் மாட்டிய பறையை மார்போடு அணைத்து, நடந்தும் குனிந்தும் சுழன்றும் அடிக்க வேண்டும். எனவே கருவி இலேசாக இருத்தல் இன்றியமையாதது. இதைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர்த் தேவைப்படும்.

அடிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்து அடி, டப்பா அடி என அவை நீளும். அந்த வரிசையில் ‘சினிமா அடி’ என்பதும் ஒன்று. பறைக்காரர்கள் புதுமையை ஏற்காதவர்கள் என்று சொல்வோர் இந்தப் பெயரைக் கேட்டதில்லை போலும்! திரைப்படம் வந்தபோது அதையும் ஓர் அடியாக்கிப் பழைய அடிகளின் பக்கத்தில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

மழையில் தோல் ஏன் தளர்கிறது?

இனிப் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். முதலாண்டில் நாம் இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வைப் படித்தோம். பறையின் தோல் எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிய ஒரு படலம். அதன் அதிர்வெண் இழுவிசையின் வர்க்க மூலத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். தோலின் பரப்பு அடர்த்தியின் வர்க்க மூலத்திற்கும் வட்டத்தின் ஆரத்திற்கும் எதிர் விகிதத்தில் இருக்கும்.

தோல் என்பது நார்களின் பின்னல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் நார்கள் நெகிழ்ந்து இழுவிசை குறைகிறது. அதே நேரத்தில் நீரின் எடையும் சேர்வதால் பரப்பு அடர்த்தி கூடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. எடுத்துக்காட்டாக, இழுவிசை பாதியாகக் குறைந்தால் 100 என்றிருந்த அதிர்வெண் ஏறத்தாழ 71 ஆகும். அத்துடன் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு கூடினால் 67 ஆகிவிடும். காதுக்கு இது மிகப் பெரிய இறக்கம். கணீர் என்பது பொத் என்றாவது இப்படித்தான்.

நெருப்பில் காட்டும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஈரம் வெளியேறுகிறது. தோல் சுருங்கப் பார்க்கிறது, சட்டம் விடுவதில்லை, எனவே இழுவிசை ஏறுகிறது. அளவு மீறிக் காய்ச்சினால் தோல் கிழியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பெரியப்பா விரலால் சுண்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவருக்கு வர்க்க மூலம் தெரியாது. எனக்குத் தெரியும்; ஆனால் நான் காய்ச்சிய முதற்பறை கிழிந்துபோயிற்று.

சர் சி.வி. இராமன் 1920ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் நம் நாட்டு மத்தளங்களைப் பற்றி எழுதினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. வெறும் படலத்தின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என ஒழுங்கற்ற விகிதத்தில் அமையும். மிருதங்கத்தின் நடுவே பூசும் கருஞ்சாந்து அவற்றை 1, 2, 3 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை அவர் விளக்கினார். பறையில் சாந்து இல்லை. எனவே அது ஒரு சுரத்தில் நிற்பதன்று. குச்சி படும் இடம், குச்சியின் கனம், தோலின் விறைப்பு ஆகியவற்றால் வெவ்வேறு ஒலிகளைத் தருவது. அதாவது பறைக்கு விறைப்பே உயிர். அந்த உயிரைத்தான் மழை பறிக்கிறது.

போட்டிக் கருவிகளின் இரகசியம்

இந்த இடத்தில் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. செண்டையும் தோற்கருவிதான். ஆனால் அதன் தோல் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டது. தளர்ந்தால் கயிற்றை முறுக்கி ஏற்றலாம். பேண்டு வாத்தியத்தின் மேளத்தில் இரும்பு வளையமும் திருகாணியும் உண்டு; சாவியைத் திருகினால் போதும். அதன் மேலுள்ளதும் தோலன்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலம் மேளத்திற்கு வந்தது. அதன்பின் உலகெங்கும் பரவியது. பாலியெஸ்டர் ஈரத்தை ஏற்பதில்லை. நம் பறையின் தோலோ பசையால் நிலையாக ஒட்டப்பட்டது. அதை விறைக்க வைக்க நெருப்பைத் தவிர வேறு வழி கருவியிலேயே இல்லை. ஆக, பறை தோற்றது இசையில் அன்று. இழுத்துக் கட்டும் பொறி இல்லாமையால்தான்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பாலியெஸ்டர் படலம் போட்ட ‘ஃபைபர் பறை’ இப்போது கடைகளில் கிடைக்கிறது. எங்கள் குழுவும் இரண்டு வாங்கியது. மழையில் அசையவில்லை. ஆனால் பெரியப்பா அடித்துப் பார்த்துவிட்டு, “இது கத்துது, பேசல” என்றார். அதற்கும் காரணம் உண்டு. தோலுக்குள் உராய்வு மிகுதி; உச்ச ஒலிகள் விரைவில் அடங்கும். பாலியெஸ்டரில் அவை நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டிருக்கும். எனவே விரைவான அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

அப்போதுதான் தவில் நினைவுக்கு வந்தது. பழைய தவிலில் தோல்வாரால் இழுத்துக் கட்டுவார்கள். இன்று எஃகு வளையமும் திருகாணியும் பூட்டிய தவில்களே எங்கும் உள்ளன. தோல் தோலாகவே இருக்கிறது. கட்டும் முறை மட்டும் மாறிற்று. யாரும் அதைத் தவில் இல்லை என்று சொல்லவில்லை. பறைக்கும் அவ்வாறு செய்தால் என்ன?

வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் என் மாமன் மகன் ஒருவன் இரும்பு வளையம் ஒன்று செய்து தந்தான். தோலை அதில் மடித்து ஆறு திருகாணிகளால் சட்டத்தோடு இறுக்கினோம். ஈரக் காற்றில் வைத்துப் பார்த்தோம். தளர்ந்தபோதெல்லாம் திருகி ஏற்ற முடிந்தது. ஆனால் கனம் தாங்கவில்லை. அதைத் தோளில் போட்டு ஆடிய அண்ணன் ஒருவர் ஒரு தெரு தாண்டுவதற்குள் கழற்றிக் கொடுத்துவிட்டார். கருவி இலேசாக இருக்க வேண்டும் என்று முன்னே சொன்னதன் காரணம் இதுதான். இப்போது மெல்லிய பட்டை இரும்பில் இரண்டாவது வளையம் செய்துகொண்டிருக்கிறோம். அது முடியும் வரை கார்த்திகை மாதத்திற்கு ஃபைபர், தை பிறந்தால் தோல் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார்.

தளர்ந்தது தோல் மட்டுமா?

தோலைச் சரிசெய்துவிட்டால் குழு பிழைத்துவிடுமா? நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் பெரியப்பாவோடு சில இடங்களுக்குப் போய்ப் பார்த்த பின் எண்ணம் மாறிற்று.

வெளியூரிலிருந்து செண்டைக் குழுவை அழைப்போர் முன்பணம் கொடுக்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் செலவு என்பதெல்லாம் முன்னரே பேசி முடிக்கப்படுகிறது. வந்து இறங்கியவுடன் அவர்களுக்கு இலை போடுகிறார்கள். பறைக்குழுவை அழைப்போரோ விடியற்காலையில் ஆள் அனுப்புகிறார்கள். கூலி எல்லாம் முடிந்த பிறகுதான். அதிலும் ஒரு பங்கைச் சாராயமாகக் கொடுத்துக் கழிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. உட்கார நிழல் கேட்டால் முறைக்கிறார்கள்.

நம் நகரில் விடுதலை நாள் அணிவகுப்பில் சிவப்புத் தொப்பி அணிந்த காவலர்களையும் அவர்களது பேண்டு இசையையும் நாம் காண்கிறோம். அந்தக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, சீருடை உண்டு, பயிற்சி உண்டு. அவர்கள் மேளத்திலும் அதிர்வது ஒரு படலம்தான். இவர் பறையிலும் அதிர்வது ஒரு படலம்தான். இயற்பியலில் இரண்டிற்கும் ஒரே சமன்பாடு. ஊரில் மட்டும் ஏன் இரண்டு சமன்பாடு?

என் தந்தையும் ஒரு காலத்தில் இதே குழுவில் வாசித்தவர். ஒரு துக்க வீட்டில் இரவெல்லாம் வாசித்த பின் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, சொம்பைத் தராமல் கையில் ஊற்றினார்களாம். அன்று குச்சியை வைத்தவர் இன்றுவரை எடுக்கவில்லை. கட்டட வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “நீ குச்சியைத் தொடக் கூடாது” என்பது எனக்கு அவர் இட்ட ஒரே கட்டளை. அவர் வெறுத்தது பறையை அன்று, அந்தச் சொம்பை என்று நான் இப்போது புரிந்துகொள்கிறேன்.

சாவுக்கு வாசிப்பதையே விட்டுவிட வேண்டும் என்று கூறும் இளைஞர் குழுக்கள் உண்டு. அவர்களது கோபம் நியாயமானது. பெரியப்பா வேறு விதமாகச் சொல்கிறார்: “செத்தவனுக்கு வாசிச்சு வழியனுப்புறது கேவலமில்ல. வாசிச்சவனை வாசலுக்கு வெளியே நிறுத்துறதுதான் கேவலம்.” இவ்விரு கருத்துகளும் ஒரே காயத்தின் இரு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழி கண்டோர்

இந்நிலையை மாற்றிக் காட்டியோர் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லில் 1990ஆம் ஆண்டளவில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட பெண்களே பறையைக் கையிலெடுத்தனர். பெண் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட கருவி அது. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு பறையைக் கற்க விரும்பும் எவருக்கும் கற்றுத் தருகிறது. இன்ன சாதி என்று கேட்பதில்லை. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் நம் புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தி அவர்களின் பெயரும் இருந்தது. தவிலும் பறையும் ஒரே பட்டியலில் அருகருகே இடம்பெற்றதைப் படித்த அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள்.

பிற நாடுகளிலும் இத்தகைய வரலாறு உண்டு. ஜப்பானில் தோல் வேலை செய்வோரும் மேளம் செய்வோரும் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்தனர். ஒசாகா நகரின் நானிவா பகுதியில் அம்மக்களின் பிள்ளைகள் 1987ஆம் ஆண்டில் ‘இகாரி’ என்னும் தைகோ மேளக் குழுவைத் தொடங்கினர். அப்பெயருக்குச் ‘சினம்’ என்பது பொருள். தங்கள் முன்னோர் செய்து கொடுத்த மேளத்தை வேறு எவரோ மேடையில் வாசித்துப் புகழ்பெறுவதைக் கண்டு, தாமே வாசிக்க முன்வந்தவர்கள் அவர்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டில் ஏழை மக்கள் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ‘ஸ்டீல் பேன்’ என்னும் கருவியைச் செய்தனர். தொடக்கத்தில் அதை வாசித்தவர்களைப் போக்கிரிகள் என்று காவலர் விரட்டினர். 1992ஆம் ஆண்டில் அதுவே அந்நாட்டின் தேசிய இசைக்கருவி ஆயிற்று. இரண்டு இடங்களிலும் கருவி மட்டும் மாறவில்லை. வாசிப்போர் நின்ற இடமும் மாறிற்று.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, குழுக்கள் கூலியை முன்னரே பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் குழு தை முதல் இவ்வாறு செய்கிறது. அந்தத் தாளை எழுதிக் கொடுப்பது என் வேலை. ‘சாராயம் வேண்டா, சாப்பாடு வேண்டும்’ என்பது அதில் மூன்றாவது வரி. அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேறு குழுவைத் தேடிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள்.

இரண்டாவதாக, அடிகளை எழுதி வைக்க வேண்டும். பெரியப்பாவுக்குத் தெரிந்த அடிகளுள் பல அவரோடு போய்விடும் நிலையில் உள்ளன. நம்மிடம் உள்ள கைபேசியில் பதிந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதாக, நம் மாநிலத்திலுள்ள அரசு இசைக் கல்வி நிலையங்களில் பறையும் ஒரு பாடமாக நிலைபெற வேண்டும். அங்கே பட்டம் பெற்றவர் மட்டுமன்றிப் பெரியப்பா போன்ற ஆசான்களும் ஆசிரியராக அமர வழி செய்ய வேண்டும்.

நான்காவதாக, நம் பொறியியல், தொழிற்பயிற்சி மாணவர்கள் இலேசான இழுவை வளையம் ஒன்றை உருவாக்க முன்வர வேண்டும். செயற்கைக்கோள் செய்யும் நாட்டில் ஒரு பறைக்குத் திருகாணி பூட்ட முடியாதா?

முடிவுரை

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கலைவிழாவில் வெளியிலிருந்து ஒரு பறைக்குழு வந்து வாசித்தது. மாணவர் அனைவரும் எழுந்து ஆடினர். அருகிலிருந்த நண்பன் ஒருவன், “உனக்கு இது வாசிக்கத் தெரியுமா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டான். “எனக்கெப்படித் தெரியும்?” என்றேன். தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்ட ஒலியை, யாரும் ஏளனம் செய்யாத ஓர் இடத்தில், நானாகவே மறுத்தேன். அன்று நான் சொன்ன பொய்க்கு இக்கட்டுரையை விடையாக வைக்கிறேன்.

இப்போது ஞாயிறுதோறும் பெரியப்பாவிடம் கற்று வருகிறேன். வாழ்த்து அடி ஓரளவு வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியும்; தெரியாதது போல் இருக்கிறார். சென்ற வாரம் நான் அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து, “சிண்டைத் தளர்த்திப் பிடிடா” என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் நல்ல நிகழ்ச்சி நடந்தால் ஒரு பறைக்குழுவை அழையுங்கள். கூலியை முன்னரே பேசுங்கள். வந்தவர்களுக்கு உட்கார இடமும் சொம்பு நிறையத் தண்ணீரும் கொடுங்கள். மழை வந்தால் தோலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.